அடிமாட்டு விலைக்கு ஒரு ராஃபேல்!

ஜான் எம்ப்ரீ என்று லண்டனில் ஒரு ப்ளம்பர் இருந்தார். சாதா ப்ளம்பர் இல்லை, ராஜாங்க ப்ளம்பர். மன்னர் முதலாம் சார்லஸின் அரண்மனைகளில் எங்கே ஒழுகினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், அடைப்பார், பில்லை நீட்டுவார். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பார்கள். இப்படிப் பார்த்துப் பார்த்தே பாக்கி சுமார் 900 பவுண்டுக்கு ஏறிவிட்டது.

1649 ஜனவரி 30-ம் தேதி, பாக்கி வைத்த ஆசாமியின் தலையையே வெட்டிவிட்டார்கள்.

எம்ப்ரீயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பில்லை யாரிடம் நீட்டுவது? ராஜாவை வெட்டிய பார்லிமென்ட்டிடம். அவர்களிடம் ஏது காசு? சண்டை போட்டே கஜானா காலி. ஆனால் ராஜாவின் சொத்து இருந்தது. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம்... ஓவியம் வாங்குவது. டிஷியன், ராஃபேல், கொரெஜ்ஜியோ என்று ஆயிரத்துக்கு மேல் வாங்கிக் குவித்திருந்தார். (ராஃபேல் என்றதும் போர் விமானம் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும். இவர் இத்தாலிக்காரர், 1520-ல் 37 வயதிலேயே போய்ச் சேர்ந்த மகா ஓவியர்.)

பார்லிமென்ட் சட்டம் போட்டு, குமாஸ்தாக்களை அனுப்பி, ஒவ்வொரு படத்துக்கும் விலை எழுதி, சோமர்செட் ஹவுஸ் என்ற மாளிகையில் விற்பனைக்கு வைத்தது. ரொக்கம் கொடுத்து வாங்க ஆள் போதவில்லை. சரி என்று ராஜாவுக்குக் கடன் கொடுத்தவர்களை 14 கோஷ்டிகளாகப் பிரித்து, ‘பணத்துக்குப் பதில் படம் எடுத்துக்கோ’ என்று சொல்லிவிட்டார்கள். ப்ளம்பர் எம்ப்ரீக்குக் கொஞ்சம் ரொக்கமும் மீதிக்குப் படங்களும் கிடைத்தன. அந்தப் படங்களில் ஒன்று டிஷியன் வரைந்த புனித மார்கரெட்!

குழாய் ரிப்பேருக்குக் கூலியாக டிஷியன். இன்றைக்கு அதன் மதிப்பைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். அன்றைக்கு எம்ப்ரீக்கு வந்தது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். வீட்டில் அரிசி இல்லாதபோது புனித மார்கரெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ஆனால் காலை ஒன்பதே காலுக்குப் பங்கு மார்க்கெட் திறந்ததிலிருந்து செல்போனில்தான் உத்தியோகம். உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் இவர் முகம் மலரும். “தெருவுல ரத்தம் ஓடுறப்ப வாங்கணும்யா, ஊரே அமைதியா இருக்கறப்ப விக்கணும். அவ்வளவுதான் சூத்திரம்!” என்பார். பங்கு மார்க்கெட் விவகாரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தச் சூத்திரத்தை முந்நூறு, நானூறு வருஷமாகச் சோதித்துப் பார்த்த சந்தை ஒன்று இருக்கிறது. ‘ஓல்டு மாஸ்டர்ஸ்’ என்கிற பழைய மேதைகளின் ஓவியச் சந்தை. தோராயமாக 1800-க்கு முந்தைய ஐரோப்பிய ஓவியர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள்.

பி.காம். முதல் வருஷத்தில் ‘டிமாண்ட் அண்ட் சப்ளை’ என்று இரண்டு கோடு போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கொள்ள விட்டு, அதுதான் விலை என்பார்கள். விலை ஏறினால் உற்பத்தி கூடும். வெங்காயத்துக்குச் சரி. ராஃபேலுக்கு? அவர்தான் போய்விட்டாரே! எவ்வளவு கொடுத்தாலும் எழுந்து வந்து இன்னொன்று வரையமாட்டார். ஆக, சரக்கு புதிதாக உற்பத்தியாவதில்லை, வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதுதான் உண்டு. யார் சும்மா வெளியே விடுவார்கள்? ஏலக் கம்பெனிக்காரர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்: சாவு, கடன், டைவர்ஸ். இங்கிலீஷில் மூன்றுமே ‘டி’யில் ஆரம்பிக்கும். இவை சில்லறை வியாபாரம் சார். மொத்த வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் ஒரு நாடு கவிழ வேண்டும்.

ஒரே ஒரு படத்தின் பின்னாலேயே போனால் விளங்கும். ராஃபேல் சுமார் 1506-ல் வரைந்த ‘புனித ஜார்ஜும் டிராகனும்’. பெரிய சமாச்சாரமாகக் கற்பனை செய்யாதீர்கள். 28.5 செ.மீ. உயரம், 21.5 செ.மீ. அகலம். கிட்டத்தட்ட நம் ஆபீஸ் ஏ4 தாள் அளவு மரப்பலகை. வெள்ளைக் குதிரையில் கவச வீரன், ஈட்டியால் டிராகனைக் குத்துகிறான். பின்னால் ராஜகுமாரி மண்டியிட்டுக் கும்பிடுகிறாள். வீரனின் காலில் ஒரு பட்டி, அதில் ‘ஹானி’ என்று எழுதியிருக்கும். இங்கிலாந்தின் கார்ட்டர் வீரர் சங்கத்து முத்திரை வாசகத்தின் முதல் வார்த்தை அது. படம் எப்படியோ இங்கிலாந்து வந்து, பெம்ப்ரோக் பிரபு கையில் இருந்தது. சார்லஸ் அதை வாங்க பணம் கொடுக்கவில்லை. ஹோல்பைன் என்ற இன்னொரு மேதையின் கோட்டோவியப் புத்தகத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். பண்டமாற்று!

சார்லஸும் யோக்கியர் இல்லை. அவர் சேகரிப்பில் பெரும்பகுதி, இத்தாலியில் மான்டுவா நகரத்து கொன்ஸாகா வம்சம் நொடித்துப் போனபோது 1627-28-ல் வளைத்துப் போட்டது. அதற்குப் பிறகு இரண்டே வருஷத்தில், 1630-ல், மான்டுவாவைப் பட்டாளம் புகுந்து சூறையாடியது. படங்கள் அதற்குள் கப்பல் ஏறித் தப்பியிருந்தன. தப்பி லண்டனுக்கு வந்து, சார்லஸின் தலை விழுந்ததும் மறுபடி மூட்டை கட்டின.

1651 டிசம்பரில் கடன் கொடுத்த கோஷ்டி ஒன்றின் தலைவர் எட்வர்ட் பாஸ் பெயரில் நம் ஏ4 ராஃபேல் விலை போனது. 150 பவுண்டு.

அடிமாட்டு விலைக்கு வாங்கினது யார் தெரியுமா? பெரிய பெரிய பக்த சிகாமணிகள். ஸ்பெயின் மன்னர் நாலாம் ஃபிலிப் சக ராஜா. சார்லஸ் தலை போனதில் ரொம்ப வருத்தப்பட்டவர். வருத்தப்பட்டுக்கொண்டே, லண்டனில் இருந்த தன் தூதர் கார்டெனாஸ் மூலம் ரகசியமாகப் படங்களை வாங்கிக் குவித்தார். சரக்கு மாட்ரிட் போய்ச் சேரும் நேரத்தில் ஒரு சங்கடம். அங்கே வெட்டுப்பட்ட மன்னரின் மகனுக்காக உதவி கேட்டு வந்த இங்கிலீஷ் தூதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ‘எங்க ராஜாவோட படமெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?’ என்று கேட்டுவிட்டால்? ‘ஊருக்குக் கிளம்புங்க’ என்று அவர்களை நாசூக்காக அனுப்பிவைத்தார்கள். படங்கள் 18 கோவேறு கழுதைகள் மேல் வந்து இறங்கின. அப்படி அனுப்பப்பட்ட தூதர்களில் ஒருவரான ஹைட் (பிற்காலத்தில் கிளாரண்டன் பிரபு) இதைத் தன் சரித்திரப் புத்தகத்தில் மனம் கசந்து எழுதி வைத்திருக்கிறார்.

1660-ல் சக்கரம் திரும்பியது. வெட்டுப்பட்டவரின் மகன் இரண்டாம் சார்லஸ் ராஜாவாகத் திரும்பி வந்து, ‘எங்கப்பா சாமான் எவன் எவன்கிட்ட இருக்கோ, திருப்பிக் கொடு’ என்றார். லண்டனில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கினவன், பாக்கிக்கு எடுத்துக்கொண்டவன் எல்லோரும். மறுத்தால் தலை இருக்குமா? ஸ்பெயினிடமும் பிரான்சிடமும் போன படங்கள் மட்டும் போனது போனதுதான். கேட்டுப் பார்க்கத்தான் முடியும், கேட்டால் சண்டை வரும். டியூரர் தன்னையே வரைந்துகொண்ட அற்புதமான படம் ஒன்று மாட்ரிட் பிராடோ மியூசியத்தில் இருக்கிறது, அது சார்லஸுடையதுதான்.  நம் நண்பரின் சூத்திரத்தில் முதல் ஓட்டை இது. ரத்தம் ஓடும்போது வாங்கினால் மட்டும் போதாது; வாங்கினதை எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட வேண்டும்.

நிலம் வாங்கும்போது நாம் தாய்ப் பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். படத்துக்கும் அதே கதைதான். பார்லிமென்ட் குமாஸ்தாக்கள் எழுதிய அந்த லிஸ்ட் இன்றும் பல படங்களுக்குத் தாய்ப் பத்திரம். அதில் ‘லியனார்டோ செய்த கிறிஸ்து, 30 பவுண்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. 1958-ல் லண்டன் ஏலத்தில் 45 பவுண்டுக்குப் போன ‘சால்வதோர் முண்டி’ என்ற படம், 2017 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 45 கோடி டாலருக்கு விலை போனது. விற்பனைக் கேட்லாகில் சார்லஸ் பெயரும் இருந்தது. லிஸ்டில் உள்ள கிறிஸ்து இவர்தானா, வரைந்தது முழுக்க லியனார்டோதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சுத்தியல் தட்டியாயிற்று, அவர்கள் பாட்டுக்குப் போடட்டும்.

அடுத்து பிரெஞ்சுப் புரட்சி. அங்கே ஆர்லியான் கோமகன் ஃபிலிப் என்று ஒருவர். ராஜாவுக்கு உறவு, தலைக்கு மேல் கடன். புரட்சி வந்ததும் பெயரையே ‘சமத்துவம்’ என்று மாற்றிக்கொண்டு, சொந்த உறவான ராஜாவின் மரண தண்டனைக்கே ஓட்டுப் போட்டவர். கடனுக்காக, ஐரோப்பாவிலேயே பிரமாதம் என்று பெயரெடுத்த குடும்பச் சேகரிப்பை விற்றார். 1793 நவம்பரில் அவர் தலையும் கில்லட்டினுக்குப் போனது. இத்தாலியப் படங்களை வாங்கிய பாங்க்கரின் வாரிசு, படங்களைத் தூக்கிக்கொண்டு லண்டன் ஓடினார். அவர் அப்பா தலையும் போனது. அவருக்கும் பணமுடை.

லண்டனில் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் காத்துக்கொண்டிருந்தார். நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டிக் காசு பார்த்தவர். இன்னும் இரண்டு பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு, 1798-ல் சுமார் 43,000 பவுண்டுக்கு மொத்தமாகப் பேசி முடித்தார். அப்புறம் செய்ததுதான் வியாபாரம். படங்களைக் கண்காட்சியாக வைத்து ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் டிக்கெட் போட்டார்கள். தங்களுக்கு வேண்டிய 94 படங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியை விற்றார்கள். விற்ற பணமும் டிக்கெட் வசூலும் சேர்ந்து, போட்ட முதல் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. 94 படமும் சும்மா! பல்லாங்குழியில் கூட இப்படி அள்ள முடியாது. அந்தச் ‘சும்மா’வில் இரண்டு டிஷியன்கள் இருந்தன. பிரிட்ஜ்வாட்டர் வாரிசிடமிருந்து அவற்றை பிரிட்டன் மியூசியங்கள் வாங்கின. ஒன்று 2009-ல் 5 கோடி பவுண்டு, மற்றது 2012-ல் 4.5 கோடி பவுண்டு. அதில் கணிசமான பங்கு ஜனங்களின் வரிப்பணமும் நன்கொடையும்தான்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது: கிளர்ச்சி நடக்கிற ஊரில் படத்துக்கு விலை இருப்பதே இல்லை. அங்கே எல்லோரும் விற்கிறவர்கள். விலை என்பது பக்கத்து ஊரில், அமைதியாகத் தூங்கி எழுந்து, கையில் ரொக்கத்தோடு இருக்கிறவனிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு நகையை விற்கப் போகிறவனையும், சும்மா விலை விசாரிக்கப் போகிறவனையும் நகைக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் இல்லையா, அது மாதிரிதான். கழிவு என்பது படத்துக்கு இல்லை சார், அவசரத்துக்கு.

நம் ஏ4 ராஃபேலுக்கு வருவோம். லண்டனிலிருந்து பாரிஸ் போய், பல கை மாறி, கிரோஸா என்ற பணக்காரர் சேகரிப்பில் தங்கி, 1772-ல் ரஷ்யப் பேரரசி காதரீனிடம் மொத்தக் கொள்முதலில் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே ஊரைக் காலி செய்துவிட்டது, கெட்டிக்காரப் படம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அரண்மனையில் நூற்றைம்பது வருஷம் நிம்மதி.

1917-ல் அங்கேயும் வந்தது புரட்சி. ஜார் குடும்பம் போச்சு. படங்கள் மக்கள் சொத்து என்றார்கள். பத்து வருஷம் கழித்து முதல் ஐந்தாண்டுத் திட்டம். டிராக்டர் வேண்டும், இயந்திரம் வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். கோதுமையும் மரமும் விற்றார்கள், போதவில்லை. ‘அந்த ஹெர்மிடேஜ்ல என்னமோ படமெல்லாம் மாட்டியிருக்கே’ என்று யாருக்கோ தோன்றியது.

முதல் பெரிய வாடிக்கையாளர் குல்பெங்கியன். எண்ணெய்க் கம்பெனிகளில் ஐந்து சதவிகிதம் பங்கு வைத்திருந்ததால் ‘மிஸ்டர் ஃபைவ் பர்சென்ட்’ என்றே பெயர். ரெம்பிராண்ட், ரூபன்ஸ் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு 1930-ல் சோவியத் அதிகாரி பியாதகோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாராம்சம் இதுதான்: எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள், மியூசியத்தில் இருப்பதை மட்டும் விற்காதீர்கள், உங்கள் நாட்டின் பேர் கெட்டுவிடும். வாங்கினவரே சொல்கிறார்! பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி ‘சமையல்காரரே, இவ்வளவு செலவு செய்யக்கூடாது’ என்கிற பெரியவர் மாதிரி. ஆனாலும் அவர் சொன்னது சரிதான் என்பேன்.

அவர்கள் கேட்கவில்லை. அடுத்த வாடிக்கையாளர் ஆண்ட்ரூ மெலன். பிட்ஸ்பர்க் பாங்க்கர் மட்டுமல்ல, அப்போது அமெரிக்காவின் நிதி மந்திரி. அமெரிக்காவோ சோவியத் அரசு என்று ஒன்று இருப்பதையே 1933 வரை அங்கீகரிக்கவில்லை. அங்கீகரிக்காத அரசாங்கத்திடம் நிதி மந்திரி ஷாப்பிங்! பெர்லின், லண்டன், நியூயார்க் என்று மூன்று ஊர் வியாபாரிகள் கை கோத்து சரக்கைக் கடத்திக் கொடுத்தார்கள். 1930-31-ல் 21 படங்கள், 66,54,000 டாலர். அதில் ராஃபேலின் ‘ஆல்பா மடோனா’ மட்டும் 11,66,400 டாலர். நம் புனித ஜார்ஜுக்கு ஏழு லட்சத்து நாற்பதாயிரம் டாலருக்கு மேல்.

150 பவுண்டு எங்கே, ஏழு லட்சம் டாலர் எங்கே என்று தோன்றும். இதுவும் மலிவு சார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்து உலகமே வேலையில்லாமல் தெருவில் நின்ற காலம் அது. வாங்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து விற்கப் போனார்கள். அத்தனை படம் விற்று வந்த பணம் இயந்திர இறக்குமதிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. டிராக்டர்கள் பத்து, இருபது வருஷத்தில் துருப்பிடித்துப் போயிருக்கும். ராஃபேல் வாஷிங்டனில் புத்தம் புதுசாக இருக்கிறார்.

மெலன் வெளியே மூச்சு விடவில்லை. படங்களை ஒரு தர்ம டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்து, அதற்கு வருமான வரியில் கழிவு கேட்டார். ரூஸ்வெல்ட் அரசு ‘வரி ஏய்ப்பு’ என்று கேஸ் போட்டது. 1935 விசாரணையில்தான் மொத்த விஷயமும் சந்திக்கு வந்தது. 1937-ல் மெலன் இறந்தார். அதன் பிறகு, அவர் ஏமாற்றவில்லை என்று தீர்ப்பு வந்தது. படங்கள் நாட்டுக்கே போய், 1941-ல் வாஷிங்டனில் நேஷனல் கேலரி திறந்தது. அனுமதி இலவசம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இப்படி வாங்கினவன் வியாபாரியா, கழுகா?

பி.காம். மெர்க்கன்டைல் லாவில் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் படித்திருப்பீர்கள். 27-வது பிரிவு. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. திருட்டு சைக்கிளை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும் சைக்கிள் உங்களுடையது இல்லை. நமக்கு இந்தச் சட்டமே இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதே இங்கிலாந்தில் என்ன நடந்தது பாருங்கள். ஜார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஓல்கா பேலி என்ற இளவரசி. புரட்சியில் கணவரும் கொலை, மகனும் கொலை. தப்பி ஓடி வந்தவர், தன் அரண்மனைச் சாமான்கள் லண்டனில் ஒரு வியாபாரியிடம் இருப்பதைக் கண்டு கேஸ் போட்டார். 1929-ல் அப்பீலிலும் தோற்றார். சோவியத் அரசை பிரிட்டன் அங்கீகரித்தாயிற்று. அங்கீகரித்த அரசு தன் நாட்டுக்குள் எடுத்துக்கொண்டதை நாங்கள் கேள்வி கேட்க முடியாது என்றது கோர்ட். தனி ஆள் எடுத்தால் திருட்டு, சர்க்கார் எடுத்தால் தேசவுடைமை.

இந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இன்னொருவர் கதை. ஜாக் கௌட்ஸ்டிக்கர், ஆம்ஸ்டர்டாமில் பெரிய ஓவிய வியாபாரி, யூதர். 1940 மே மாதம் ஹிட்லரின் பட்டாளம் ஹாலந்துக்குள் நுழைந்ததும் மனைவி, கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். இரவில் குண்டுவீச்சுக்குப் பயந்து கப்பலில் விளக்கில்லை. காற்று வாங்க மேல்தளத்தில் நடந்தவர், திறந்திருந்த குழிக்குள் விழுந்து இறந்துபோனார். சட்டைப்பையில் ஒரு சின்னக் கறுப்பு நோட்டு. அதில் அவர் விட்டுவந்த ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட படங்களின் கணக்கு, வரிசையாக.

அந்தச் சரக்கை ஹிட்லரின் வலது கை கோரிங் ‘வாங்கினார்’. ஆமாம், வாங்கினார். பணம் கொடுத்தார், பத்திரம் எழுதினார், கையெழுத்தும் இருந்தது. விதவையின் சம்மதம் மட்டும் இல்லை. அடிமாட்டு விலை என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம். மாடே கையெழுத்துப் போட்ட மாதிரி காகிதம் தயார் செய்தார்கள். நேச நாடுகள் 1943-லேயே ‘இப்படிப்பட்ட விற்பனைகள் பார்க்க ஒழுங்காகத் தெரிந்தாலும் செல்லாது’ என்று அறிவித்தன. இருந்தும், போர் முடிந்து படங்கள் ஹாலந்துக்குத் திரும்பி வந்தபோது டச்சு அரசு அவற்றைத் தன் மியூசியங்களிலேயே மாட்டிக்கொண்டது. விதவை அலைந்து ஓய்ந்து போனார். கடைசியில் 2006-ல் 202 படங்களைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். 66 வருஷம்! வாங்கிக்கொண்டது மருமகள், கப்பலில் வந்த அந்தக் கைக்குழந்தையும் வளர்ந்து, காலமாகிவிட்டிருந்தது. அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் அதுவும் இல்லை. (ரசீது, பாஸ்புக், பழைய டைரி எதையும் பேப்பர்காரனிடம் எடைக்குப் போடாதீர்கள் என்று என் மனைவியிடம் சொல்ல இது ஒரு சாக்கு. அவள் கேட்கப் போவதில்லை.)

இப்போது மியூசியமும் ஏலக் கம்பெனியும் ஐரோப்பியப் படம் என்றால் முதலில் கேட்கிற கேள்வி: 1933-லிருந்து 1945 வரை இது யாரிடம் இருந்தது? பதில் இல்லையென்றால் ராஃபேலாக இருந்தாலும் விலை போகாது. நண்பரின் சூத்திரத்தில் இரண்டாவது ஓட்டை. ரத்தக் கறையோடு வாங்கினது அறுபது வருஷம் கழித்தும் வில்லங்கத்தில் தெரியும்.

ரத்தமே இல்லாத கிளர்ச்சியும் உண்டு. 2016 ஜூன் 23, ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதென்று பிரிட்டன் ஓட்டுப் போட்டது. அன்றிரவு சுமார் ஒன்றரை டாலராக இருந்த பவுண்டு, இரண்டு வாரத்தில் 1.30 அளவுக்கு விழுந்தது. ஜூலை 7-ம் தேதி லண்டன் கிறிஸ்டீஸில் ரூபன்ஸின் ‘லோத்தும் மகள்களும்’ ஏலத்துக்கு வந்தது. யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்தார்கள். கமிஷனோடு சேர்த்து 4.48 கோடி பவுண்டுக்குப் போயிற்று! பவுண்டில் பார்த்தால் பிரமாதமான விலை. டாலர் வைத்திருந்தவனுக்கோ, இரண்டு வாரம் பொறுத்ததில் சுமார் 90 லட்சம் டாலர் மிச்சம். ஆடித் தள்ளுபடி ஒரு மாசம் முன்னாடியே வந்துவிட்டது.

2022-ல் இதற்கு நேர் எதிர்க் காட்சி. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் லண்டன் ஏலக் கம்பெனிகள் ஜூன் மாத ரஷ்யக் கலை விற்பனையையே ரத்து செய்தன. 250 பவுண்டுக்கு மேற்பட்ட ஆடம்பரச் சரக்கு எதையும் ரஷ்யாவுக்கு அனுப்பக்கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டது. ஓவியமும் அதில் சேர்த்தி. முன்பெல்லாம் கிளர்ச்சி வந்தால் விற்கிறவன் காணாமல் போவான், இப்போது வாங்குகிறவன். 1931-ல் ராஃபேலை விற்ற ஊருக்கு இன்று ஒரு நல்ல வாட்டர்கலர்கூட அனுப்ப முடியாது.

இத்தனையையும் நண்பரிடம் ஒரு சாயங்காலம் டீக்கடையில் நின்றபடி சொல்லி முடித்தேன். இரண்டு டீ, நாலு மசால் வடை ஆயிற்று. பொறுமையாகக் கேட்டார். கடைசியில் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “எல்லாம் சரிய்யா. என்கிட்ட இப்ப ரெண்டு லட்சம் ரொக்கமா இருக்கு. என்ன பண்ணலாம், அதைச் சொல்லு” என்றார்.

“உங்க வீட்டு பாத்ரூம் குழாய் மூணு மாசமா சொட்டுதே, அதை முதல்ல ரிப்பேர் பண்ணுங்க” என்றேன். “ப்ளம்பருக்குப் பணத்தை அன்னிக்கே கொடுத்துடுங்க.”